பதிவேட்டில் ஏறாத உழைப்பு

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், விழா மலருக்கென நாம் எடுத்துக்கொண்ட பொருள் உழைப்பைப் பற்றியது. அதிலும், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத உழைப்பைப் பற்றியது. நம் மக்களுள் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது இவ்வகை உழைப்பே. வயலில் நாற்று நட்டவர், மூட்டை சுமந்தவர், கல் உடைத்தவர், பீடி சுற்றியவர், தோல் பதனிட்டவர், தெருவைத் தூய்மை செய்தவர், கட்டடத்திற்குச் சாந்து சுமந்தவர் ஆகிய இவர்கள் உழைக்காத நாளில்லை. ஆயினும் இவர்களுள் எத்தனை பேருக்குப் பணி நியமன ஆணை இருந்தது? எத்தனை பேருக்கு வருகைப் பதிவேடு இருந்தது? நோயுற்ற நாளில் ஊதியமும், முதுமையில் ஓய்வூதியமும் எத்தனை பேருக்குக் கிடைத்தன?

பொருளியல் நூலார் இதனை முறைசாராப் பணி என்பர். அரசாங்க ஏடுகள் அமைப்புசாராத் தொழில் என்று குறிக்கும். இச்சொற்களைக் கேட்டவுடன், இஃது ஏதோ பழங்காலத்தின் மிச்சம், நாடு முன்னேற முன்னேறத் தானே மறைந்துவிடும் என்ற எண்ணம் இளைஞர் உள்ளத்தில் எழக்கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஒரு வேலை முறைசாராததாக இருப்பது அவ்வேலையின் இயல்பால் அன்று. அதனை எழுதாமல் விடுவதால் எவரோ பயன் பெறுவதால்தான். எழுதும் கோல் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே கணக்கும் சாய்கிறது. இதனைச் சில வரலாற்றுச் சான்றுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வந்த கதை

இவ்வகை உழைப்பு பழமையானது. அதற்கு இன்று வழங்கும் பெயரோ புதியது. ஆங்கிலேய மானிடவியல் அறிஞர் கீத் ஹார்ட், 1960-களில் மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய கானாவின் தலைநகர் அக்ராவில் தங்கி ஆய்வு செய்தார். நாட்டின் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, நிமா என்னும் நெரிசல் மிகுந்த குடியிருப்பில் வாழ்ந்த மக்களை அவர் நெருங்கிக் கண்டார். அரசாங்கக் கணக்கில் அவர்களுள் பலர் வேலையற்றோர். நேரில் கண்டபோதோ, வேலையின்றிச் சும்மா இருந்தவர் மிகச் சிலரே. ஒருவர் தைத்தார், ஒருவர் விற்றார், ஒருவர் சுமந்தார், ஒருவர் பழுது பார்த்தார். பகலில் ஒரு வேலையும் மாலையில் மற்றொரு வேலையும் செய்தவர்களும் உண்டு. கணக்கெடுத்தவரின் படிவத்தில் இவ்வேலைகளுக்கு இடமில்லை, அவ்வளவே.

இவ்வாய்வை அவர் 1971-இல் ஒரு மாநாட்டில் எடுத்துரைத்தார். 1973-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. இதற்கிடையே 1972-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கென்யா நாட்டைப் பற்றிய தன் அறிக்கையில் முறைசாராத் துறை என்னும் தொடரைக் கையாண்டது. அத்துறையினர் நாட்டுக்குச் சுமையல்லர், பயனுள்ள பொருள்களை மலிவாக ஆக்கித் தருவோர் என்று அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதன்பின் அச்சொல் உலகெங்கும் பரவிற்று.

அன்று நகரின் ஓரத்தில் கண்ட சிறு துறை என்று கருதப்பட்டது இன்று எந்த அளவில் உள்ளது? உலகில் வேலை செய்வோருள் 100-க்கு 60 பேருக்கு மேற்பட்டோர், அதாவது 200 கோடி மக்கள், முறைசாராப் பணியில் உள்ளனர் என்று அதே பன்னாட்டு அமைப்பு 2018-இல் அறிவித்தது. பாதிக்கு மேற்பட்டது எவ்வாறு ஓரமாகும்? அதுவே நடுவிடம் அன்றோ!

துறைமுக வாயிலில்

தொழிற்புரட்சியின் தாயகமாகிய இங்கிலாந்தில் தொழிலாளர் அனைவரும் சீரான பணியில் இருந்தனர் என்று எண்ணுவது பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் துறைமுகம் உலகின் மிகப் பெரிய வாணிக வாயில்களுள் ஒன்று. அங்கே சரக்கு இறக்கும் தொழிலாளர் நாள்தோறும் காலையில் வாயிலில் கூடுவர். மேற்பார்வையாளர் வந்து தமக்கு வேண்டியவரை மட்டும் கைகாட்டி அழைப்பார். அழைக்கப்படாதோர் பட்டினியோடு திரும்புவர். அழைக்கப்பட்டவருக்கும் ஓரிரு மணி நேரமே வேலை கிடைப்பதுண்டு.

கப்பல் என்று வரும், எத்தனை வரும் என்பது காற்றையும் கடலையும் வாணிகத்தையும் பொறுத்தது. ஆதலின் வேலை சீராக இராது என்பது மெய்யே. ஆனால் வேலை இல்லாத நேரத்தில் காத்திருக்கும் செலவை யார் ஏற்பது? இதுவே வினா. துறைமுக முதலாளிகள் அதனை முழுமையாகத் தொழிலாளி தலையில் வைத்தனர். முறைசாராப் பணியின் உட்பொருள் இதுதான். காத்திருத்தல், நோய், விபத்து, முதுமை ஆகியவற்றின் செலவு அனைத்தும் உழைப்பவனுடையது. விளைந்த ஆதாயம் மட்டும் மற்றவருடையது.

1889 ஆகஸ்டில் லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மணிக்கு 6 பென்சு கூலியும், ஒருவரை அழைத்தால் குறைந்தது 4 மணி நேர வேலையும் வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். கடல் கடந்து ஆஸ்திரேலியத் தொழிலாளரும் பொதுமக்களும் 30,000 பவுண்டுக்கு மேல் திரட்டி அனுப்பினர். ஐந்து வாரத்தில் வெற்றி கிட்டியது. எனினும் வாயிலில் கூடி நிற்கும் வழக்கம் ஒழியப் பல்லாண்டுகள் ஆயின. 1947-இல்தான் துறைமுகத் தொழிலாளர் பெயர்களைப் பதிவு செய்து, வேலையற்ற நாளுக்கும் சிறு ஊதியம் தரும் திட்டம் அங்கே சட்டமாயிற்று. அடுத்த ஆண்டே, 1948-இல், இந்தியாவிலும் துறைமுகத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1950-களில் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் அதற்கென வாரியங்கள் அமைந்தன.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மூட்டை மாறவில்லை, தோளும் மாறவில்லை, கப்பலும் முன்போலவே வந்தது. மாறியது பதிவேடு ஒன்றே. நேற்றுவரை முறைசாராதிருந்த வேலை இன்று முறைசார்ந்ததாயிற்று. எழுதப்பட்டது அழிக்கப்படவும் கூடும் என்பதற்கும் இதுவே சான்று. 1989-இல் இங்கிலாந்து அரசு அத்திட்டத்தை நீக்கிவிட்டது. உரிமை ஒருமுறை பெற்றால் போதாது, காத்துக்கொள்ளவும் வேண்டும்.

பண்ணைக் கணக்கு

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம் முன்னோரின் உழைப்பு எங்கும் எழுதப்படவில்லை என்று கூறுவது முழு உண்மையன்று. எழுதப்பட்டது, ஆனால் அந்த ஏடு ஆண்டையின் கையில் இருந்தது. அடிமை முறைக்குச் சட்டம் அளித்துவந்த ஏற்பு 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. பின்வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆனால் அடிமைச் சீட்டு மறைந்த இடத்தில் கடன் பத்திரம் முளைத்தது. திருமணத்திற்கோ இழவிற்கோ வாங்கிய சிறு தொகைக்காகத் தந்தையும் அவருக்குப்பின் மகனும் பண்ணையில் கட்டுண்டு கிடந்தனர். செங்கற்பட்டு ஆட்சித்தலைவராயிருந்த டிரமன்கீர் 1891-இல் அளித்த அறிக்கை, அம்மாவட்டத்து ஆதிதிராவிட மக்களின் நிலமற்ற நிலையையும் இத்தகைய கட்டுகளையும் அரசின் பார்வைக்குக் கொண்டுவந்தது. எழுத்தறியாதவன் இட்ட கைநாட்டு, எழுத்தறிந்தவனுக்கு நிலையான உடைமையாயிற்று. பதிவேடு என்பது தன்னளவில் நன்மையுமன்று தீமையுமன்று என்பதை இதனால் உணரலாம்.

1952-இல் தஞ்சை மாவட்டத்திற்கெனப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிலையாகப் பண்ணையில் வேலை செய்வோருக்குக் கூலியை வரையறுத்து, நினைத்தபோது அவர்களை வெளியேற்றுவதற்கு அது தடை விதித்தது. விளைந்தது என்ன? பண்ணையாளுக்கே பாதுகாப்பு என்றால் பண்ணையாள் என்ற பெயரே வேண்டா என்று மிராசுதார் பலர் முடிவு செய்தனர். நேற்றுவரை பண்ணையாளாயிருந்தவர் நாட்கூலியாக்கப்பட்டார். வயல் அதே வயல். கதிர் அறுத்த கை அதே கை. சட்டம் எந்தப் பெயரைக் காத்ததோ அந்தப் பெயர் மட்டும் ஏட்டிலிருந்து அகன்றது. முறைசாராப் பணி தானாகத் தோன்றுவதில்லை, தோற்றுவிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே தஞ்சை மண்ணில், கூலி உயர்வுக்காகவும் சங்கமாக இணையும் உரிமைக்காகவும் நடந்த போராட்டத்தின் உச்சத்தில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 உயிர்கள் ஒரே குடிசையில் தீக்கிரையாயின. கூலியாகக் கேட்ட நெல்லின் அளவு சிறிது. எழுதப்படாத கூலியை எழுத்தில் கொண்டுவர நம்மவர் கொடுத்த விலையோ அளவிடற்கரியது. அடுத்த ஆண்டு, 1969-இல், வேளாண் தொழிலாளர்க்கான நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் அச்சாம்பல் உள்ளது என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

எண்ணிக்கை என்னும் வேலி

ஆலைத் தொழிலின் கதையும் இத்தகையதே. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களையே அது தொழிற்சாலை என ஏற்றது. 1891-இல் இவ்வெண் 50 ஆகவும், 1922-இல் 20 ஆகவும் குறைந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம், எந்திர விசை உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் என வரையறுத்தது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத் தொகுப்போ, இவ்வெண்களை 20 என்றும் 40 என்றும் உயர்த்தியுள்ளது. ஒரு நூற்றாண்டுக் காலம் உள்நோக்கி வந்த வேலி மீண்டும் வெளியே நகர்ந்ததால், பல சிறு பட்டறைகள் தொழிற்சாலை என்னும் வரையறையிலிருந்து விலகி நிற்கின்றன.

வேலி எங்கே உள்ளதோ அதற்கு அப்பால் வேலையைத் தள்ளுவது தொழில் நடத்துவோரின் பழைய வழக்கம். ஒரு பட்டறை இரண்டாகும்; கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் மற்றொன்று. அதுவும் முடியாதபோது வேலை தொழிலாளியின் வீட்டுத் திண்ணைக்கே சென்றுவிடும். பீடித் தொழில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1929-இல் அமைக்கப்பட்ட அரச தொழிலாளர் ஆணைக்குழு 1931-இல் அளித்த அறிக்கையில், சட்டத்திற்கு உட்படாத சிறு பட்டறைகளின் நிலை விரிவாகப் பதிவாயிற்று. 5 வயதுக் குழந்தைகளும் 10, 12 மணி நேரம் 2 அணாக் கூலிக்கு வேலை செய்வதை ஆணைக்குழு கண்டது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகக் குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் கொடுமையைத் தடுக்க 1933-இல் தனிச் சட்டம் வந்தது.

பீடித் தொழிலாளர்க்கென 1966-இல் வந்த சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. கேரள அரசு 1968-இல் அதனை நடைமுறைப்படுத்த முனைந்தபோது, மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கணேஷ் பீடி நிறுவனம் வட கேரளத்தில் இருந்த தன் பட்டறைகளை மூடிவிட்டது. ஏறத்தாழ 12,000 பேர் வேலை இழந்தனர். அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1969-இல் கண்ணூரில் தினேஷ் பீடி என்னும் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கித் தாமே தமக்கு வேலை தரும் நிலைக்கு உயர்ந்தனர். 1966-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 1974-இல் தீர்ப்பளித்தது. பதிவேட்டைத் தர மறுத்தவர் சென்றபின் தொழிலாளர் தாமே பதிவேட்டைத் திறந்த இவ்வரலாறு நாம் பெருமையுடன் கற்கத் தக்கது.

அண்ணல் காட்டிய வழி

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக அறிந்த அளவுக்குத் தொழிலாளர் தலைவராக நம் இளைஞர்கள் அறிந்திலர். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் நல்ல கூலி கிடைத்தது. ஆனால் நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டியிருந்ததைக் காரணம் காட்டித் தீண்டப்படாதோர்க்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. 1928-இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் இதனை வெளிப்படையாகக் கேள்விக்கு உள்ளாக்கினார். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்வோரையே மேல் கீழாக அடுக்குகிறது என்பது அவர் 1936-இல் எழுதிய நூலில் வலியுறுத்திய கருத்து. எந்த வேலை பதிவேட்டில் ஏறும், எது ஏறாது என்பதை நம் நாட்டில் முதலாளியின் கணக்கோடு சாதியின் கணக்கும் சேர்ந்தே முடிவு செய்தது என்பதை இதனால் அறியலாம்.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவிய அவர், 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்தார். அவர் காலத்தில், 1946-இல், ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் மைய சட்டமன்றத்தில் அவரே கொண்டுவந்தார். அது 1948-இல் சட்டமாயிற்று. அச்சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தவர் வியப்பர். பெரிய ஆலைகளின் பெயர்களை அதில் தேட வேண்டா. அரிசி ஆலை, பீடி, தோல் பதனிடுதல், கல் உடைத்தல், சாலை அமைத்தல் ஆகியன முதற்பகுதியில் நிற்கின்றன. இரண்டாம் பகுதி வேளாண்மைக்கே உரியது. சங்கம் வைக்க இயலாத, வலிமை குன்றிய தொழில்களின் பெயர்கள் முதன்முறையாக நாட்டின் சட்ட ஏட்டில் ஏறின. அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியபோது, இவ்விரு விளக்குகளும் ஒன்றாய்ச் சுடர்விட்டன.

பதிவேடு திறந்த இடங்கள்

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது; அமைப்பாகத் திரண்டோர்க்கே அது பயன்பட்டது. மராட்டியத்தில் தலைச்சுமை தூக்குவோரை மாத்தாடித் தொழிலாளர் என்பர். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் போராடியதன் பயனாக 1969-இல் ஒரு சட்டம் வந்தது. கடை பல, முதலாளி பலர், வேலையோ ஒரு நாளைக்கு ஓரிடம் என்ற நிலையில் யார் வைப்பு நிதி கட்டுவது? இதற்கு அச்சட்டம் ஒரு வழி கண்டது. வணிகர்களும் தொழிலாளரும் அரசும் இணைந்த வாரியத்தில் இரு தரப்பினரும் பதிந்துகொள்வர். வணிகர் கூலியோடு ஒரு விழுக்காட்டுத் தொகையையும் வாரியத்தில் செலுத்துவார். வாரியம் கூலியைத் தந்து, எஞ்சியதை வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் மருத்துவத்திற்கும் ஒதுக்கும். நிலையான முதலாளி இல்லை என்பது இனிச் சாக்காகாது என்று இவ்வேற்பாடு மெய்ப்பித்தது.

அகமதாபாத்தில் 1972-இல் இலா பட் அம்மையார், சுமை தூக்கும் பெண்களையும் தெருவில் விற்கும் பெண்களையும் கொண்டு சேவா என்னும் சங்கத்தை அமைத்தபோது, முதலாளி இல்லாத சங்கத்தை எவ்வாறு பதிவு செய்வது என்று அதிகாரிகள் தயங்கினர். சங்கம் என்பது எவரையும் எதிர்ப்பதற்கு மட்டுமன்று, உழைப்போர் ஒன்றுபடுவதற்கே என்று வாதிட்டு அவர் பதிவு பெற்றார். 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் இட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியையும் தொடங்கினர். அவர்களுள் பலர் கையெழுத்திட அறியாதவர்.

புனே நகரில் குப்பை பொறுக்கி வாழ்ந்தோருள் பெரும்பாலோர் தலித் பெண்கள். 1993-இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். 1990-களின் இடையில் நகராட்சி ஒப்பமிட்ட அடையாள அட்டை பெற்றனர். 2008-இல் அவர்தம் கூட்டுறவு அமைப்பே வீடுதோறும் குப்பை சேகரிக்கும் பணியை மாநகராட்சியிடம் ஏற்றது. திருடர் என்று விரட்டப்பட்டவர் நகரத்தின் பணியாளராயினர்.

நம் மாநிலத்தில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. கட்டுமானத் தொழிலாளர் இயக்கங்கள் விடாது போராடியதன் பயனாக 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. பின்னர்ப் பல தொழில்களுக்கும் தனித்தனி வாரியங்கள் வந்தன. பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து, இறப்பு, முதுமை ஆகியவற்றுக்கு இவற்றின் வாயிலாக உதவி கிடைக்கிறது. ஆனால் பதிந்தவர்க்கே கிடைக்கும்.

அலுவலகத்தின் உள்ளேயும்

முறைசாராப் பணி தெருவிலும் திண்ணையிலும் மட்டுமே உள்ளது என்று எண்ண வேண்டா. பெரிய ஆலையிலும் அரசு அலுவலகத்திலும் உள்ளாட்சி மன்றத்திலும் அது நுழைந்துவிட்டது. நிரந்தரப் பணியாளர் ஓய்வு பெற்ற இடம் ஒப்பந்தக்காரர் வழியாக நிரப்பப்படுகிறது. ஒரே தெருவை இருவர் கூட்டுகின்றனர். ஒருவர் பெயர் உள்ளாட்சியின் பதிவேட்டிலும் மற்றவர் பெயர் ஒப்பந்தக்காரரின் குறிப்பேட்டிலும் உள்ளன. துடைப்பம் ஒன்றே; ஊதியம் இரண்டு. 2004-இல் அமைக்கப்பட்ட அர்ஜுன் சென்குப்தா ஆணையம் 2007-இல் அளித்த அறிக்கையின்படி, 2004-05-இல் நாட்டின் உழைப்பாளருள் 100-க்கு 92 பேர் முறைசாராப் பணியினர். பட்டியல் சாதியினரிலும் பழங்குடியினரிலும் 100-க்கு 88 பேர் வறியோராகவும் வறுமையின் விளிம்பினராகவும் இருந்தனர்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. ஆயினும் கழிவுநீர்த் தொட்டியில் மூச்சடைத்து மாண்டவர், எவருடைய பதிவேட்டிலும் தொழிலாளராக இருந்ததில்லை என்று கைவிரிக்கப்படுவதை நாம் கண்டு வருகிறோம். 1993 முதல் இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் இழப்பீட்டை 30 இலட்சமாக உயர்த்தியது. வாழ்ந்தபோது எழுதப்படாத பெயர் இறந்தபின் நீதிமன்றத்தால் எழுதப்படுகிறது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாடு அடைக்கப்பட்டபோது, நகரங்களைக் கட்டியெழுப்பிய கூலித் தொழிலாளர் இலட்சக்கணக்கில் நூற்றுக்கணக்கான மைல் நடந்தே ஊர் திரும்பினர். வழியில் இறந்தோர் எத்தனை பேர் என்று அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அத்தகைய விவரம் இல்லை என்பதே அரசின் விடையாயிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இ-ஷ்ரம் என்னும் நாடளாவிய பதிவு தொடங்கியது. அதில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்துள்ளனர். இன்று கைப்பேசிச் செயலி வழியாக உணவும் பொருளும் கொண்டு செல்லும் இளைஞருக்கும் முதலாளி யார் என்பது தெளிவில்லை. அவர்களுக்கென ராஜஸ்தானில் 2023-இல் சட்டம் வந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் அமைந்தது. செயலியின் முன் அழைப்புக்காகக் காத்திருக்கும் அவ்விளைஞரின் நிலைக்கும், லண்டன் துறைமுக வாயிலில் நின்றவர் நிலைக்கும் இடையே 130 ஆண்டுகள் உள்ளன. வேறுபாடு மிகுதியாக இல்லை.

நம் கடமை

கற்ற இளைஞர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் செய்யத் தக்கவை சில உண்டு. முதலாவது, நம் தொழிலின் பெயரைச் சொல்லக் கற்பது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் தொழில் என்னும் கட்டத்தில் ஆண்டுதோறும் நாம் காண்பது கூலி என்னும் ஒரே சொல். கொத்தனாரும் கூலி, கம்பி கட்டுபவரும் கூலி, சாயப்பட்டறையில் நிற்பவரும் கூலி. கைத்திறன் அத்தனையும் அந்த ஒரு சொல்லில் கரைந்துவிடுகிறது. பெயரில்லாத தொழிலுக்கு வாரியமும் இல்லை, கூலி விகிதமும் இல்லை. ஆதலின் எங்கு எழுதினாலும் தொழிலைப் பெயர் சொல்லி எழுதச் செய்வீர்.

இரண்டாவது, ஒவ்வொரு தெருவிலும் நலவாரியத்தில் பதியாதோர், பதிந்தும் புதுப்பிக்காதோர் யார் என்று கணக்கெடுப்பது. படிவம் நிரப்பத் தெரிந்த பத்து இளைஞர் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நம் கழகக் கட்டடத்தில் அமர்ந்தால், ஓராண்டில் பதியாத வீடு ஒன்றும் இராது. மூன்றாவது, வேலை செய்த நாள், இடம், மேஸ்திரியின் பெயர், பெற்ற கூலி ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுவது. எழுதத் தெரியாத தாய் தந்தையர்க்குப் பள்ளிப் பிள்ளைகளே எழுதித் தரலாம். கூலி பாக்கி குறித்த வழக்கில் அந்தக் குறிப்பேடும் நம் பக்கம் பேசும் சான்றாகலாம். நான்காவது, தனியாகச் செல்லாமல் சங்கமாகச் செல்வது. பம்பாயிலும் அகமதாபாத்திலும் கண்ணூரிலும் புனேயிலும் வென்றவர் ஒருவர்கூடத் தனியாக வென்றாரில்லை.

கல்வி கற்று அரசுப் பணியில் அமர்ந்தோர் நம்முள் உளர், அது பெருமையே. ஆனால் அவ்வாறு அமர்வோர் என்றும் சிலரே; ஏனையோர் உழைப்பும் மதிப்புறும்போதுதான் சமுதாயம் உயர்ந்தது எனலாம். நம் முன்னோர் கைநாட்டு வைத்த ஏடுகளில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர்கள் அறிந்ததில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய உங்களுக்குப் படிக்கத் தெரியும், எழுதவும் தெரியும். அக்கல்வி உங்கள் தெருவில் உழைக்கும் ஒவ்வொருவர் பெயரையும் உரிய ஏட்டில் ஏற்றுவதற்குப் பயன்படுமாயின், இக்கழகம் 25 ஆண்டுகள் ஏற்றிக் காத்த விளக்கு வீண்போகவில்லை என்று நாம் மனநிறைவு கொள்ளலாம்.

வாழ்க உழைப்பு! வளர்க நம் கழகம்!